சிரிப்பு நடிகர்கள் பயமுறுத்திய காலம்: 'சஸ்பென்ஸ்' வானொலித் தொடரைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியில் 1942 ஜூன் 17 முதல் 1962 செப்டம்பர் 30 வரை 'சஸ்பென்ஸ்' என்ற திகில் நாடகத் தொடர் ஓடியது. இருபது ஆண்டுகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நாடகங்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. கேரி கிராண்ட், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹம்ஃப்ரி போகார்ட், ஜூடி கார்லண்ட் என்று ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரங்கள் பலரும் இதில் நடித்திருக்கிறார்கள். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். நான் வேறொரு வழியைச் சொல்கிறேன். நகைச்சுவை நடிகர்களிடமிருந்து தொடங்குங்கள்.

காரணம் இருக்கிறது. சினிமா நட்சத்திரத்தை அன்றைய ரசிகர்கள் முகத்தால் அறிந்திருந்தார்கள். வானொலி நகைச்சுவை நடிகரை அறிந்தது பெரும்பாலும் குரலால்தான். அந்தக் குரல் வாரம் தவறாமல் வீட்டுக்குள் வந்தது. எந்த இடத்தில் மூச்சு விடுவார், எந்த இடத்தில் இழுப்பார், எப்போது சிரிப்பு வரும் என்பதெல்லாம் கேட்பவர்களுக்கு மனப்பாடம். அதே குரல் ஒரு கொலைக் கதைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? காது தன்னையறியாமல் அடுத்த ஜோக்குக்குக் காத்திருக்கும். ஜோக் வராது. பார்வையாளர்களின் சிரிப்பொலியும் கேட்காது. வராத சிரிப்புக்காகக் காத்திருக்கும் அந்த நொடிகளிலேயே பயம் பிறந்துவிடுகிறது. தொழில்முறைத் திகில் நடிகர்கள் எவ்வளவு உறுமினாலும் இந்த விளைவைக் கொண்டுவர முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இதை நீங்களே காதால் உணர வேண்டுமென்றால் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். வரிசையாகப் போகலாம்.

முதல் படி: எந்தக் காலத்து நாடகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இருபது ஆண்டு ஓடிய தொடர் என்பதால் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இருக்காது. தயாரிப்பாளர் மாறும்போதெல்லாம் தொடரின் குணமும் மாறியது.

இதன் முன்னோட்டம் 1940 ஜூலை 22 அன்று, புதிய நிகழ்ச்சிகளைச் சோதித்துப் பார்க்கும் 'ஃபோர்காஸ்ட்' என்ற வரிசையில் வந்தது. இயக்கியவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். ஹெர்பர்ட் மார்ஷலும் எட்மண்ட் க்வெனும் நடித்தார்கள். முறையான தொடர் 1942-ல் தொடங்கியது. சிறிது காலத்தில் வில்லியம் ஸ்பியர் பொறுப்பேற்றார். நட்சத்திரங்களை வரிசையாக அழைத்து வந்து இந்தத் தொடரைப் பெரிய தொடராக்கியவர் அவர்தான். 1943 டிசம்பரில் ரோமா ஒயின் நிறுவனம் விளம்பரதாரராக வந்தது. அதற்குப் பிறகு பணத்துக்கும் குறைவில்லை, பெரிய பெயர்களுக்கும் குறைவில்லை.

1948 தொடக்கத்தில் சில மாதங்கள் ஒரு மணி நேர நாடகங்களாக வந்தன. தொகுத்து வழங்கியவர் நடிகர் ராபர்ட் மான்ட்கோமரி. அவற்றை நீங்கள் பிறகு கேட்கலாம். இந்தக் கதைகளுக்கு அரை மணி நேரம்தான் சரியான அளவு. அதே ஆண்டில் ஆட்டோலைட் நிறுவனம் விளம்பரதாரரானது. கார்களுக்கான ஸ்பார்க் பிளக், பேட்டரி தயாரித்தவர்கள். 1954 வரை அவர்கள்தான். நகைச்சுவை நடிகர்களின் படையெடுப்பு நடந்ததும் இந்த ஆட்டோலைட் காலத்தில்தான். ஆகவே உங்கள் தேடல் முக்கியமாக 1949 முதல் 1954 வரையிலான ஆண்டுகளில் இருக்கட்டும்.

1950 இலையுதிர் காலத்துக்குச் சற்று முன்பு எலியட் லூயிஸ் தயாரிப்பாளர்-இயக்குநர் ஆனார். இந்த மனிதரைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே ஆண்டுகளில் அவர் 'ஃபில் ஹாரிஸ் - ஆலிஸ் ஃபே' நகைச்சுவை நிகழ்ச்சியில் ஃப்ராங்கி ரெம்லி என்ற கிடார்க்காரராக நாடு முழுவதையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நிகழ்ச்சியில் கோமாளி, இன்னொரு நிகழ்ச்சியில் கொலைக் கதைகளின் இயக்குநர். நகைச்சுவைக்கும் திகிலுக்கும் தேவைப்படுவது ஒரே நேரக் கணக்குதான் என்பதைத் தொழிலிலிருந்தே அறிந்தவர். 1953 மே மாதம் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வை இரண்டு பகுதிகளாக இதே தொடரில் போட்டதும் அவர்தான். ரிச்சர்ட் விட்மார்க் அதில் இயாகோவாக நடித்தார்.

1956-க்குப் பிறகு வில்லியம் ராப்ஸன் காலம். பணம் குறைந்தது, தொலைக்காட்சி ரசிகர்களை இழுத்துக்கொண்டது, பழைய கதைகளே மீண்டும் வந்தன. 1959-ல் தயாரிப்பு நியூயார்க்குக்கு மாறியது. அந்த ஆண்டுகளிலும் நல்ல நாடகங்கள் உண்டு. ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல.

இரண்டாம் படி: நல்ல பதிவைத் தேர்ந்தெடுங்கள்

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் 'சஸ்பென்ஸ்' நாடகங்கள் எம்பி3 கோப்புகளாகக் குவிந்து கிடக்கின்றன. பழைய வானொலி நிகழ்ச்சிகளைத் தேடிச் சேர்க்கும் ஆர்வலர் குழுக்கள் வரிசைப்படுத்திய தொகுப்புகளும் அங்கே உண்டு. முதல் வேலையாக அப்படிப்பட்ட தொகுப்பு ஒன்றைக் கண்டுபிடியுங்கள். யாரோ அவசரத்தில் ஏற்றிய தனிக் கோப்புகளைவிட அவை பல மடங்கு மேல். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், நாடகத் தலைப்பு எல்லாம் இருக்கும்.

இந்தத் தேதி மிகவும் முக்கியம். ஒரே தலைப்பில் இரண்டு மூன்று நாடகங்கள் இருக்கும். நடிகர் வேறு, இயக்குநர் வேறு, தரமும் வேறு. தலைப்பை மட்டும் பார்த்து இறக்கினால் நீங்கள் தேடிய நடிகர் இருக்க மாட்டார். அதனால்தான் இந்தக் கட்டுரையில் முடிந்தவரை தேதியோடு சொல்கிறேன்.

இன்னொன்று, 1940-களில் இவை நேரடி ஒலிபரப்புகள். கிழக்குக் கடற்கரைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம் இருப்பதால், சில நாடகங்களை ஒரே இரவில் இரண்டு முறை நடித்திருக்கிறார்கள். இரண்டு பதிவுகளும் தப்பிப் பிழைத்த நாடகங்களும் உண்டு. அப்புறம், ஆயுதப்படை வானொலி சேவை வெளிநாட்டில் இருந்த வீரர்களுக்காக ஒலிபரப்பிய பிரதிகளும் இருக்கின்றன. அவற்றில் விளம்பரங்களை வெட்டியிருப்பார்கள். விளம்பரம் இல்லாதது நல்லதுதானே என்று தோன்றும். என் பரிந்துரை, விளம்பரத்தோடு உள்ள பிரதியையே எடுங்கள். கதை உச்சத்தில் நிற்கும்போது ஒருவர் வந்து உற்சாகமாக ஸ்பார்க் பிளக் விற்பதும், அதற்குப் பிறகு நாம் மறுபடி இருட்டுக்குள் போவதும் அந்த அனுபவத்தின் பாகம். அந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துத்தான் கதையை எழுதினார்கள்.

மூன்றாம் படி: கேட்கக் காதைப் பழக்குங்கள்

நம்மில் பலருக்கு வானொலி என்றால் ஒலிச்சித்திரம் நினைவுக்கு வரும். திரைப்படத்தின் ஒலியை வெட்டிச் சுருக்கி ஒலிபரப்புவது அது. படம் பார்த்தவர்கள் கதையை மனத்தில் ஓட்டிக்கொள்ளலாம். 'சஸ்பென்ஸ்' அப்படியல்ல. காதுக்காகவே எழுதியது. கதவு, காலடி, தொலைபேசி மணி, மழை எல்லாமே கதை சொல்லும். வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் பாதி போய்விடும்.

ஹெட்போன் போட்டு, ஒரு நாடகத்தை ஒரே மூச்சில் கேளுங்கள். அன்றைய அமெரிக்க உச்சரிப்பு முதலில் கொஞ்சம் வேகமாகத் தெரியும். முதல் ஐந்து நிமிடம் பிடிபடவில்லை என்றால் நிறுத்தி, தொடக்கத்திலிருந்து மறுபடி கேளுங்கள். இந்த நாடகங்களில் யார், எங்கே, என்ன சிக்கல் என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அதைப் பிடித்துவிட்டால் மீதி தானாக ஓடும். பாட்காஸ்ட் கேட்கிற பழக்கத்தில் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள். இந்த நடிகர்களின் வித்தையே அவர்கள் விடும் இடைவெளிகளில்தான் இருக்கிறது.

நான்காம் படி: முதலில் சிரியுங்கள், பிறகு பயப்படுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு நகைச்சுவை நடிகரின் திகில் நாடகத்தைக் கேட்பதற்கு முன், அவருடைய சொந்த நிகழ்ச்சியில் ஒன்றையாவது கேளுங்கள். அன்றைய ரசிகர்களுக்கு இருந்த பழக்கம் நமக்கு இல்லை. அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் ஜோடி, ஜிம் ஜோர்டனும் மேரியன் ஜோர்டனும். இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவைச் சேர்ந்த கணவன் மனைவி. 1935 முதல் 'ஃபிபர் மெகீ அண்ட் மாலி' என்ற நிகழ்ச்சியில் கணவன் மனைவியாகவே நடித்தார்கள். கணவர் பெருமை பீற்றுவார், மனைவி பொறுமையாக அவரைத் தரைக்கு இறக்குவார். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் உள்ளே அடைத்து வைத்த சாமான்கள் எல்லாம் தடதடவென்று சரிந்து விழும். கடைசியில் ஒரு சின்ன மணிச் சத்தம். வாரா வாரம் மக்கள் காத்திருந்து சிரித்த சத்தம் அது. அந்த அலமாரி வரும் நிகழ்ச்சி ஒன்றைத் தேடிக் கேளுங்கள். இவர்கள் வீட்டு அமைதியும் பேச்சும் உங்களுக்குப் பழகிவிடும்.

அடுத்து, 1949 பிப்ரவரி 3 தேதியிட்ட 'பேக்சீட் டிரைவர்' நாடகத்தைப் போடுங்கள். சினிமா பார்த்துவிட்டுக் காரில் வீடு திரும்பும் நடுத்தர வயதுக் கணவன் மனைவி. வழக்கமான சின்னச் சின்னப் பேச்சு. கார் வானொலியில் தப்பி ஓடிய கொலைகாரனைப் பற்றிய செய்தி வருகிறது. அவன் அவர்களுடைய காரின் பின் இருக்கையில்தான் ஒளிந்திருக்கிறான்.

இங்கே ஜோர்டன் தம்பதி செய்வதைக் கவனியுங்கள். குரலை மாற்றவே இல்லை. ஃபிபரும் மாலியும் பேசும் அதே சாதாரணப் பேச்சுத்தான். மாறுவது வேகம் மட்டும். மேரியனின் குரலில் இருந்த அன்பான கண்டிப்பு, ஒரு கட்டத்தில் கணவரை அமைதிப்படுத்தும் முயற்சியாகவும் தன் நடுக்கத்தை மறைக்கும் முயற்சியாகவும் ஆகிவிடுகிறது. பல ஆண்டுகள் ஒன்றாக மைக் முன் நின்ற ஜோடி என்பதால், ஒருவர் மூச்சை இழுத்தால் அடுத்தவருக்குத் தெரிகிறது. கூடுதலாக ஒரு விஷயம்: ஃபிபர் மெகீ நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ்தான் ஆட்டோலைட்டுக்காக 'சஸ்பென்ஸ்' விளம்பரங்களையும் பேசினார். பழக்கப்பட்ட குடும்பம், பழக்கப்பட்ட அறிவிப்பாளர், நடுவில் துப்பாக்கியோடு ஒருவன். அன்று வானொலி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை இப்போது உங்களால் உணர முடியும். 1951 பிப்ரவரியில் இதே நாடகத்தை மறுபடியும் நடித்தார்கள். முதல் பதிவிலிருந்தே தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: ஜாக் பென்னிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர். 1932 முதல் வானொலியில் இருந்தார். நிகழ்ச்சியில் அவர் ஏற்ற பாத்திரம் மகா கஞ்சன், வயது எப்போதும் 39, வயலினை மோசமாக வாசிப்பவர், தன்னை அழகன் என்று நம்புபவர். நிஜத்தில் தாராள மனம் கொண்டவர் என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1949 ஜனவரியில் போட்டி வானொலி நிறுவனமான என்பிசி-யை விட்டு சிபிஎஸ்-க்கு மாறினார். 'சஸ்பென்ஸ்' அதே நிலையத்தின் தொடர் என்பதால் அதற்குப் பிறகு அங்கே வருவது எளிதாயிற்று.

முதலில் அவருடைய நகைச்சுவை நிகழ்ச்சியில் 1948 மார்ச் 28 பதிவைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரராக வரும் நடிகர் ரொனால்ட் கோல்மனிடம் ஆஸ்கர் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு பென்னி இரவில் நடந்து வருகிறார். ஒரு வழிப்பறிக்காரன் மறிக்கிறான். பணமா, உயிரா என்று கேட்கிறான். பென்னி பதில் சொல்லவில்லை. நீண்ட மௌனம். கஞ்சனுக்கு இது கஷ்டமான கேள்வி என்பது பார்வையாளர்களுக்கு மெதுவாக உறைக்க, சிரிப்பு கிளம்புகிறது. திருடன் பொறுமையிழந்து மறுபடி கேட்க, யோசித்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று பென்னி வெடிக்கிறார். வானொலியில் எதுவும் பேசாமலே இவ்வளவு சிரிப்பை வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

இந்த மௌனத்தைக் காதில் வைத்துக்கொண்டு 'சஸ்பென்ஸு'க்கு வாருங்கள். 1951 ஏப்ரல் 5 அன்று வந்த 'மர்டர் இன் ஜி-ஃப்ளாட்' நாடகத்தில் அவர் பியானோவுக்குச் சுருதி கூட்டும் சாதுவான மனிதர். 1954 ஜனவரி 18 அன்று வந்த 'தி ஃபேஸ் இஸ் ஃபெமிலியர்' கதையின் கரு இன்னும் நுட்பமானது. எவருக்கும் நினைவில் நிற்காத சாதாரண முகம் கொண்ட ஒருவர், அந்த முகம் வங்கிக் கொள்ளைக்காரர்களின் கண்ணில் படுகிறது. வானொலியில் முகத்தைப் பற்றி ஒரு கதை! அமெரிக்கா முழுவதும் ஒரு சொல்லிலேயே அடையாளம் கண்டுகொள்ளும் குரலை, யாரும் கவனிக்காத மனிதனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பென்னி அந்தப் பாத்திரத்தை மிகவும் தாழ்ந்த தொனியில் செய்கிறார். அவர் பேச்சை நிறுத்தும் இடங்களில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. நாம் அவருக்காக வருந்துகிறோம், அடுத்து என்ன ஆகுமோ என்று பதறுகிறோம். உத்தி ஒன்றுதான், 1948-ல் சிரிப்பை வாங்கிய அதே நிறுத்தம்.

1953 பிப்ரவரி 2 அன்று வந்த 'பிளான் எக்ஸ்' நாடகத்தையும் விடாதீர்கள். பூமியிலிருந்து முதல் ராக்கெட் செவ்வாய்க்கு வருகிறது, பென்னி செவ்வாய்வாசி. இதில் வேடிக்கையும் உண்டு. ஆனால் அடியில் ஓடுவது வேறு. 1952 ஜூன் 2 அன்று வந்த 'எ குட் அண்ட் ஃபெய்த்ஃபுல் சர்வன்ட்' நான்காவது. நான்கையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். இடையிடையே அவருடைய நகைச்சுவை நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆறாம் படி: மற்ற சிரிப்பு நடிகர்கள்

லூசில் பால் விஷயத்தில் காலம் ஒரு விசித்திரம் செய்திருக்கிறது. 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடர் வந்தது 1951 அக்டோபரில். அவர் 'சஸ்பென்ஸில்' முதலில் நடித்தது 1944 ஜனவரி 13 அன்று, 'டைம் எ டான்ஸ்' நாடகத்தில். அப்போது ரசிகர்களுக்கு அவர் ஒரு சினிமா நடிகை மட்டுமே. கதை கார்னெல் வுல்ரிச்சுடையது. ஒரு நடனத்துக்குப் பத்து காசு என்று டிக்கெட் வாங்கி ஆண்கள் வந்து ஆடும் நடனக்கூடம், அங்கே வேலை செய்யும் பெண்களை ஒவ்வொருவராகக் கொல்பவன், அவனுக்குப் பிடித்த ஒரு குறிப்பிட்ட பாட்டு. லூசில் பால் இதில் களைத்துப்போன, கூர்மையான வாய் கொண்ட நகரத்துப் பெண். லூசியாக அவரை அறிந்த நமக்கு, 1944-ன் ரசிகர்களுக்குக் கிடைக்காத அதிர்ச்சி கிடைக்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதத்து 'தி டென் கிராண்ட்' நாடகமும் நன்றாக இருக்கும். கணவர் டெசி அர்னாஸோடு சேர்ந்து நடித்த 'தி ரெட்-ஹெடட் உமன்' 1949 நவம்பர் 17-ல் வந்தது. ஊரறிந்த தொலைக்காட்சித் தம்பதி ஆவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு.

ரெட் ஸ்கெல்டனின் 'தி சர்ச் ஃபார் இசபெல்' 1949 நவம்பர் 3. புதிதாகத் தொலைபேசி எண் வாங்கிய ஒருவருக்கு, யாரோ இசபெல் என்ற பெண்ணைக் கேட்டு அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவருக்கு ஆர்வம் பிறக்கிறது. விதவிதமான கோமாளிக் குரல்களுக்குப் பேர்போன ஸ்கெல்டன், இங்கே அத்தனையையும் களைந்துவிட்டுத் தனிமையில் வாழும் மனிதனாகப் பேசுகிறார். இந்த வரிசையில் பலரும் அறியாத நல்ல நாடகம் இது.

மில்டன் பெர்ல் 1948 முதல் தொலைக்காட்சியை ஆட்டிப் படைத்தவர். 1950 அக்டோபர் 12 அன்று வந்த 'ரேவ் நோட்டீஸ்' நாடகத்தில், தன் இயக்குநரைக் கொன்றுவிட்டுப் பைத்தியம்போல நடித்துத் தப்பிக்கப் பார்க்கும் நடிகர். மிகையாக நடிப்பார் என்று பெயர் வாங்கியவருக்கு, மிகையாக நடிக்க வேண்டிய ஒரு கொலைகாரன் வேடம். சரியான தேர்வு.

பாப் ஹோப் 1949 மே 5-ல் 'டெத் ஹேஸ் எ ஷேடோ' நாடகத்திலும், டேனி கே 1950 ஜனவரி 5-ல் 'ஐ நெவர் மெட் தி டெட் மேன்' நாடகத்திலும் வந்தார்கள். இரண்டையும் கேளுங்கள், ஆனால் முதலில் வேண்டாம். ஹோப்பின் வாயிலிருந்து வழக்கமான வேகம் போகவே இல்லை என்பது என் எண்ணம். பென்னியைக் கேட்டுவிட்டு அவரிடம் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஏழாம் படி: இப்போது திரை நட்சத்திரங்கள்

சினிமாக்காரர்கள் வானொலிக்கு விரும்பி வந்ததற்குக் காரணம் எளிது. மேக்கப் இல்லை, வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், கையில் காகிதத்தோடு மைக் முன் நிற்கலாம். ஸ்டுடியோக்கள் ஒரே மாதிரி வேடத்தில் அடைத்து வைத்த நடிகர்களுக்கு இது ஒரு விடுதலை. கேரி கிராண்ட், இனி வானொலியில் நடிப்பதென்றால் உண்மையாக நடிக்க வாய்ப்புத் தரும் 'சஸ்பென்ஸில்'தான் நடிப்பேன் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

அவருடைய 'ஆன் எ கன்ட்ரி ரோடு', 1950 நவம்பர் 16, எலியட் லூயிஸ் இயக்கியது. புயல் இரவு, பெட்ரோல் தீர்ந்து நின்ற கார், உள்ளே கணவன் மனைவி, மனநல விடுதியிலிருந்து ஒரு பெண் வெட்டுக்கத்தியோடு தப்பிவிட்டாள் என்று வானொலிச் செய்தி. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கார் கண்ணாடியைத் தட்டுகிறாள். கிராண்டின் குரலில் இருக்கும் நயம் ஒவ்வொரு அடுக்காக உரிந்து போவதைக் கேட்கலாம். 'பேக்சீட் டிரைவர்' கேட்ட மறுநாள் இதைக் கேளுங்கள். இரண்டுமே கார், இரண்டுமே தம்பதி, இரண்டு வேறு உலகங்கள்.

ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் 'மிஷன் கம்ப்ளீட்டட்', 1949 டிசம்பர் 1. போரில் ஜப்பானியரிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டு உடல் அசைவிழந்த வீரர், தன்னை வதைத்தவனை ஒருநாள் மறுபடி பார்க்கிறார். ஸ்டூவர்ட் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அந்தக் கனம் குரலில் இருக்கிறது. ஜூடி கார்லண்டின் 'டிரைவ்-இன்', 1946 நவம்பர் 21, காருக்கே உணவு கொண்டுவந்து தரும் கடையில் வேலை செய்யும் பெண்ணின் கதை. ஒரு பாட்டுக்கூட இல்லாமல் அவரைக் கேட்பது தனி அனுபவம்.

பென்னியிடம் சிலையை இரவல் கொடுத்த ரொனால்ட் கோல்மன் நினைவிருக்கிறதா? 1945 மே 31 அன்று அவர் நடித்த 'ஆகஸ்ட் ஹீட்' கேளுங்கள். வெயில் கொளுத்தும் நாளில் ஓர் ஓவியர், முன்பின் தெரியாத கல்தச்சரைச் சந்திக்கிறார். கல்தச்சர் செதுக்கிக்கொண்டிருக்கும் கல்லறைக் கல்லில் அந்த ஓவியரின் பெயர் இருக்கிறது, இறந்த தேதியாக அன்றைய தேதி. பெரிய சத்தங்கள் எதுவும் கிடையாது. இரண்டு பேர் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ராபர்ட் டெய்லர் நடித்த 'தி ஹவுஸ் இன் சைப்ரஸ் கேன்யன்', 1946 டிசம்பர் 5, இந்தத் தொடரிலேயே மிகவும் பயங்கரமானது என்று பல ரசிகர்கள் சொல்வார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். ஆர்சன் வெல்ஸின் 'தி ஹிட்ச்-ஹைக்கர்', 1942 செப்டம்பர் 2, நாடு முழுக்கக் கார் ஓட்டிச் செல்பவரின் கண்ணில் ஒரே மனிதன் திரும்பத் திரும்பச் சாலையோரம் தென்படும் கதை. எழுதியவர் லூசில் ஃப்ளெட்சர். அவர் கணவர் பெர்னார்ட் ஹெர்மன்தான் 'சஸ்பென்ஸின்' தலைப்பு இசையை அமைத்தவர், பின்னாளில் ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்த அதே ஹெர்மன்.

எட்டாம் படி: பெயர் தெரியாத குரல்களைப் பிடியுங்கள்

ஒரு இருபது நாடகம் கேட்டபின், சில குரல்கள் அடிக்கடி வருவது உங்களுக்கே தெரியும். கேத்தி லூயிஸ், வில்லியம் கான்ராட், ஜெனட் நோலன், ஹான்ஸ் கான்ரீட், லுரீன் டட்டில், ஜோசப் கெர்ன்ஸ். நட்சத்திரத்தின் பெயர் முன்னால் வரும், நாடகத்தைத் தாங்குபவர்கள் இவர்கள். ஆரம்ப ஆண்டுகளில் கதையை அறிமுகப்படுத்தும் 'கறுப்பு உடை மனிதரின்' குரல் பெரும்பாலும் கெர்ன்ஸுடையது. எலியட் லூயிஸின் அப்போதைய மனைவியான கேத்தி லூயிஸும் நகைச்சுவையில் பெயர் பெற்றவர். மேலே சொன்ன கேரி கிராண்ட் நாடகத்திலும், ராபர்ட் டெய்லர் நாடகத்திலும் மனைவி அவர்தான்.

இந்த வரிசையின் உச்சம் ஆக்னஸ் மூர்ஹெட். 'சாரி, ராங் நம்பர்' முதலில் வந்தது 1943 மே 25. இதுவும் ஃப்ளெட்சர் எழுதியது. படுக்கையில் இருக்கும் பெண், தொலைபேசியில் தொடர்பு மாறி, அன்றிரவு பதினொன்றேகால் மணிக்கு நடக்கப்போகும் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். யாரும் நம்பவில்லை. கிட்டத்தட்ட முழு நாடகமும் ஒரே குரல். முதல் ஒலிபரப்பின் முடிவில் ஒரு நடிகர் தன் முறையைத் தவறவிட்டதால் முடிவு சிலருக்குக் குழப்பமாகிவிட்டது. 1943 ஆகஸ்ட் 21-ல் மறுபடி போட்டார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் மூர்ஹெட்டே திரும்பத் திரும்ப அதைச் செய்தார். முதன்முறை கேட்பவர்கள் ஆகஸ்ட் பதிவை எடுங்கள். பின்னாளில் 'பிவிட்ச்ட்' தொலைக்காட்சி நகைச்சுவையில் சூனியக்கார மாமியாராக வந்து சிரிக்க வைத்தவரும் இவர்தான்.

ஒன்பதாம் படி: ஒரே நாடகம், இரண்டு குரல்

இதற்கு 'டு ஃபைண்ட் ஹெல்ப்' என்ற ஒரு நாடகமே போதும். தனியாக இருக்கும் வயதான பெண்மணி வீட்டு வேலைக்கு ஓர் இளைஞனை அமர்த்துகிறார். அவன் மனநிலை சரியில்லை என்பது மெல்ல மெல்லத் தெரிகிறது, கதவுகள் பூட்டியாயிற்று. 1945 ஜனவரி 18 பதிவில் இளைஞன் ஃப்ராங்க் சினாட்ரா, பெண்மணி மூர்ஹெட். 1949 ஜனவரி 6 பதிவில் ஜீன் கெல்லியும் எத்தல் பேரிமோரும். ஒருவர் பாடகர், ஒருவர் நடனக் கலைஞர். சினாட்ரா தயங்கித் தயங்கிப் பேசுகிறார், பாவம் என்றுகூடத் தோன்றும். கெல்லியிடம் சுறுசுறுப்பும் இனிமையும் இருக்கின்றன, அதனாலேயே அவர் இன்னும் ஆபத்தானவராகத் தெரிகிறார். இரண்டையும் அடுத்தடுத்த நாள் கேட்டு, முதல் பத்து நிமிடத்தில் யாரை நீங்கள் வீட்டுக்குள் விட்டிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்தாம் படி: அடுத்து எங்கே போவது

'சஸ்பென்ஸ்' பழகிவிட்டால் அதே சிபிஎஸ்-ன் 'எஸ்கேப்' தொடருக்குப் போங்கள். 1947 முதல் 1954 வரை வந்தது. அதில் 1950 மார்ச் 17 அன்று வின்சென்ட் பிரைஸ் நடித்த 'த்ரீ ஸ்கெலிடன் கீ', கலங்கரை விளக்கத்தை எலிக்கூட்டம் முற்றுகையிடும் கதை. 1956 நவம்பர் 11-ல் அவரே அதை 'சஸ்பென்ஸிலும்' செய்தார். திகில் பட நடிகர் பீட்டர் லோர் வேண்டுமென்றால் 1947-ன் 'மிஸ்டரி இன் தி ஏர்'. அவர் வெறி கொண்டு கத்துவதைக் கேட்டுவிட்டு, 'சஸ்பென்ஸில்' 1943 டிசம்பர் 23 அன்று நடித்த 'பேக் ஃபார் கிறிஸ்துமஸ்' நாடகத்தில் எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு நிதானமாக ஒரு மனைவியைக் கொல்கிறார் என்று ஒப்பிடுங்கள். போகார்ட்டும் லாரன் பக்காலும் ஜோடியாகப் பேசிய 'போல்ட் வென்ச்சர்' 1951-ல் தொடங்கியது. அது பயமுறுத்தாது. கடல், படகு, கடத்தல், கிண்டல் என்று போகும். தொடர்ந்து திகில் கேட்டுச் சலித்த வாரத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.